முடிவு சரியில்லை என்றால் நாவலே சரியில்லையா?

ஜூன் 4

கேட்டவர் சொற்களிலேயே கேள்வி: "தமிழ் நாவல்களில் ஆரம்பம் அமர்க்களம், நடுவில் பரவாயில்லை, முடிவு படு சொதப்பல். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பழகியதன் பலன் இது. முடிவு நன்றாக இருக்கும் ஒரு தமிழ் நாவலைச் சொல்லுங்கள் பார்ப்போம்."

ஒன்று என்ன, நிறையவே சொல்லலாம். அதற்கு முன்னால் ஒரு தகராறு. முடிவு என்று எதைச் சொல்கிறீர்கள்? கடைசி அத்தியாயத்தையா, கதை எதைத் தேடிக் கிளம்பியதோ அது அகப்படும் இடத்தையா? எனக்குப் பிடித்த பல நாவல்கள் கடைசிப் பக்கத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன. மீதி இருப்பது கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் பிரிக்கிற வேலை. பந்தல் பிரித்தது சரியில்லை என்று கல்யாணத்தையே குறை சொல்ல முடியுமா?

தொடர்கதை மேல் பழி போடுவதும் அவ்வளவு சுலபமில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் நேராகப் புத்தகமாகத்தான் வந்தது. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் வரை ஜோராகப் போகிறது. அப்புறம் எல்லாரும் எல்லாருக்கும் நல்லது செய்து சுபம். வாரப் பத்திரிகை இல்லாமலேயே முடிவில் தூங்க முடியும் என்பதற்கு முதல் தமிழ் நாவலே சாட்சி.

ஜூன் 4, இரவு

'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வந்ததுதானே என்று உடனே பதில் வந்திருக்கிறது. ஆமாம், 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில். முன்பாதியில் சிறுகுளத்துப் பெண்களின் வம்பர் மகாசபை, அம்மையப்ப பிள்ளையின் தமிழ், குடும்பச் சண்டைகள் என்று இன்றைக்கும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். பின்பாதியில் கதாநாயகன் முத்துஸ்வாமி ஐயர் வேதாந்தத்துக்குள் போகிறார், நாவலும் பின்னாலேயே போய்விடுகிறது. எனக்கும் அந்தப் பாதியில் கால் வலிக்கும்.

ஆனால் அது பத்திரிகை கொடுத்த நெருக்கடியா? அதை எழுதிய ராஜம் ஐயர் அடுத்து என்ன செய்தார் பாருங்கள். 1896இல் 'பிரபுத்த பாரதா' என்ற வேதாந்த இதழுக்கு முதல் ஆசிரியர் ஆனார். 1898இல் இருபத்தாறு வயதில் இறந்தும் போனார். அவர் மனம் போன திசையில்தான் நாவலும் போனது. மாதா மாதம் வாசகனை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தால் வம்பர் மகாசபையை விட்டே இருக்க மாட்டார். உங்கள் வாதம் இந்த ஒரு நாவலில் தலைகீழாக நிற்கிறது.

ஜூன் 5

பொன்னியின் செல்வனை இழுப்பார்கள் என்று தெரியும். இழுத்தாயிற்று. "ஐந்து பாகம் படித்தவனுக்கு ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கூடச் சொல்லவில்லை, கதாநாயகனுக்கு மணிமுடியும் கிடைக்கவில்லை" என்கிறார் ஒருவர்.

முடி கிடைக்காததற்குக் கல்கியைத் திட்டிப் பயனில்லை. உத்தம சோழன் ஆண்டு முடித்து, 985இல்தான் ராஜராஜன் பட்டத்துக்கு வருகிறான். சிற்றப்பனுக்கு அரசாள ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அருள்மொழி (ராஜராஜனேதான்) ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது. கல்கி அந்தத் தகவலை ஐந்தாம் பாகத்தின் தலைப்பாகவே ஏற்றினார், 'தியாக சிகரம்'. வரலாறு கொடுத்த முடிவை நோக்கித்தான் ஐந்து பாகமும் நடக்கிறது.

கொலை விஷயம் இன்னும் ருசியானது. உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் பெயரும் அவன் சகோதரர்கள் பெயரும் இருக்கின்றன, துரோகிகள் என்ற பட்டத்தோடு. பெயரே கையில் இருக்கும்போது ஒரு சாதாரண எழுத்தாளர் ரவிதாசன் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கல்கியோ அந்த அறைக்குள் நந்தினி, வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர் எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டார். ஆளுக்கு ஒரு காரணம், ஆளுக்கு ஒரு பழி. கரிகாலனே சாகத் தயாராகத்தான் அங்கே வந்திருக்கிறான். யார் வெட்டினால் என்ன? நாவல் எனக்கு அந்த இருட்டிலேயே முடிந்துவிட்டது. பட்டாபிஷேகம் பந்தல் பிரிப்பு.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

பொன்னியின் செல்வனில் மணிமேகலை சாகும் இடம்? "அதுவும் பந்தல் பிரிப்பா?" என்று கோபமாக ஒரு வரி வந்திருக்கிறது. சரி, சரி. அது இல்லை. வந்தியத்தேவன் மடியில் அந்தப் பெண் உயிர் விடுவதைப் படித்துவிட்டு என் அக்கா ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. விலக்கு அளிக்கிறேன்.

ஜூன் 6

பொன்னியின் செல்வனுக்குக் கல்கி எழுதிய முடிவுரையைப் பற்றி யாரும் பேசக் காணோம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ஓடிய தொடர். முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள் என்றெல்லாம் கேட்டு எழுத, அவர் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். கற்பனைக் கதையை எல்லா முடிச்சையும் அவிழ்த்து முடிக்கலாம், சரித்திரக் கதை அப்படி முடியாது என்பதுதான் அவர் வாதம். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய வேலையை முடித்தவரை மறுநாளே விசாரணைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த டிசம்பரிலேயே அவர் காலமானார்.

நாம் இப்போது செய்வதும் அதே விசாரணைதான்.

ஜூன் 7

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' பற்றி என் சொந்தக் கதை ஒன்று உண்டு. நான் முதலில் படித்தது பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பிரதி. ஓரமெல்லாம் அரித்து, நடுநடுவே தலைவலித் தைல விளம்பரங்களோடு இருக்கும். பைண்டு செய்த புண்ணியவானுக்குக் கடைசி வாரங்கள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வாதாபி எரிகிறது, சிவகாமி காஞ்சிக்குத் திரும்புகிறாள், அத்தோடு அட்டை வந்துவிடும்.

ரொம்ப நாள் எனக்கு அந்த நாவல் அவ்வளவுதான். ஒரு பெண் போட்ட சபதம் நிறைவேறிவிட்டது. ஊரே எரிந்தாயிற்று. இனி அவள் என்ன செய்வாள்? அந்தக் கேள்வியோடு அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு அச்சுப் புத்தகத்தில் மிச்சத்தைப் படித்தேன். சிவகாமி காதலித்த மாமல்லனுக்கு ஏற்கெனவே பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணம் ஆகியிருக்கிறது. சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவராக ஏற்கிறாள், அப்பர் தேவாரம் ஒலிக்கிறது. அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. அவ்வளவு கோபமும் பிடிவாதமும் உள்ள ஒருத்தியை, பதில் சொல்ல முடியாத இடத்தில் கோயிலுக்குள் அனுப்பிவிட்டதாகத் தோன்றியது. பைண்டுப் பிரதிதான் நல்ல நாவல் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை.

ஜூன் 7, மாலை

"அப்படியானால் நீங்கள் படித்தது கல்கி எழுதியதே இல்லை, பைண்டர் எழுதியது."

இருக்கட்டுமே. பைண்டருக்கு என் வாழ்த்துகள்.

ஜூன் 9

ஜெயகாந்தனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டிய ஆள் அவர்தான்.

1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், காரில் வந்த ஒருவன், நடந்தது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அழுது சொல்லும் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள் அம்மா. எதிர்ப்பு கிளம்பியது. அப்படி ஒரு அம்மா இருப்பாளா, இருக்கலாமா என்று ஒரே ரகளை.

சரி, அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது என்ன ஆகும் என்று அவர் எழுதிக் காட்டியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அம்மா கத்திவிடுகிறாள், அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், அந்தப் பெண் கங்கா படித்து வேலைக்குப் போய்த் தனியாக நிற்கிறாள். அதே சிறுகதையை ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக நாவலுக்குள்ளேயே கொண்டுவந்து, அதைக் கங்காவே படிப்பதாக வைத்தார் பாருங்கள், அந்தக் குறும்பு தமிழில் வேறு யாருக்கும் வராது. 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

என் கட்சி இதுதான்: சிறுகதையின் முடிவை வாசகர்கள் ஏற்கவில்லை, அந்த மறுப்பிலிருந்து ஒரு பெரிய நாவல் பிறந்தது. முடிவு பிடிக்கவில்லை என்று வாசகன் சண்டை போடுவது வீணான காரியமே இல்லை. எழுத்தாளர் ஜெயகாந்தனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாவலின் கடைசியில் அந்தக் கார்க்காரன் பிரபு விலகிப் போகிறான், கங்கா குடிக்கத் தொடங்குகிறாள். பலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் சரி. அவ்வளவு காலம் கட்டிக்காத்த கட்டுப்பாட்டை என்ன செய்வதென்று தெரியாத ஒருத்தி வேறு எப்படி உடைவாள்? பிறகு 'கங்கை எங்கே போகிறாள்' என்று தொடர்ச்சி எழுதினார். அதைத் தொட வேண்டாம் என்பது என் யோசனை. கங்கா கடைசியில் கங்கையில்தான் போய்ச் சேர்கிறாள். தலைப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஜூன் 10

முடிவுகளை எல்லாம் போட்டு உடைக்கிறேன் என்று புகார். புகார் நியாயம்தான். ஆனால் முடிவைப் பற்றி முடிவைச் சொல்லாமல் எப்படிப் பேசுவது? இதற்கு மேல் படிக்கிறவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொள்ளவும்.

இன்னொன்றும் சொல்கிறேன். முடிவு தெரிந்ததும் படிக்க முடியாமல் போகிற நாவலைத் தெரியாமல் படித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' முதல் வாக்கியத்திலேயே ஜே.ஜே. செத்துப் போகிறான். 1960 ஜனவரி 5, ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள். அதற்கப்புறம்தான் சுந்தர ராமசாமி நாவலை ஆரம்பிக்கிறார். சாவைச் சொல்லி முடித்தாகிவிட்டதால் 'என்ன ஆகும்' என்ற கேள்வியே இல்லை. 'யார் இவன்' என்ற கேள்வி மட்டும். அதற்கும் கதை சொல்லும் பாலுவிடம் பதில் இல்லை, குறிப்புகள்தான் இருக்கின்றன. 1981இல் வந்தபோது இது நாவலே இல்லை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் வரும் எழுத்தாளர் கேலிகள் இப்போது கொஞ்சம் அலுக்கின்றன. முதல் வாக்கியம் அலுக்கவில்லை.

ஜூன் 13

வெளிநாட்டு நாவல்களில் இந்தப் பிரச்சினையே இல்லை என்று ஒரு நண்பர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். அட, தால்ஸ்தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னா கரீனினா ரயில் முன் விழுவது ஏழாம் பாகத்தில். எட்டாம் பாகம் என்று ஒன்று இருக்கிறது. அது தொடராக வந்த 'ருஸ்கி வெஸ்த்னிக்' பத்திரிகையின் ஆசிரியர் கட்கோவ் அந்த எட்டாம் பாகத்தைப் போட மறுத்துவிட்டார். செர்பியப் போருக்குக் கிளம்பிய தொண்டர்களைத் தால்ஸ்தாய் அதில் குத்திக் காட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1877இல் தால்ஸ்தாய் அதைத் தனிப் பிரசுரமாகப் போட்டுக்கொண்டார். ஆக, பத்திரிகையில் மட்டும் படித்த ருஷ்யர்களுக்கு அந்த நாவல் அன்னாவின் சாவோடு முடிந்தது. என் பைண்டுப் பிரதி மாதிரியேதான்!

ஆனால் இங்கே நான் கட்சி மாறுகிறேன். எட்டாம் பாகம் வேண்டும். அன்னா செத்ததற்கப்புறம் நாவலின் இன்னொரு நாயகன் லெவின் வயலில் நின்று எதற்காக வாழ்வது என்று குழம்புவதைப் படிக்காவிட்டால், அந்த நாவல் ஒரு பெண் தவறினாள், செத்தாள் என்ற கதையாகச் சுருங்கிவிடும்.

'குற்றமும் தண்டனையும்' விஷயத்தில் எனக்கு அந்தத் தாராளம் இல்லை. அதே பத்திரிகை, 1866. ரஸ்கோல்னிகோவ் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கொலையை ஒப்புக்கொள்கிற இடத்தில் என் கணக்கில் முடிந்துவிட்டது. பின்னிணைப்பாக வரும் சைபீரியாவில் அவனுக்கு மனம் திரும்புகிறது. தஸ்தயேவ்ஸ்கிக்கு அது தேவைப்பட்டிருக்கிறது, எனக்குத் தேவைப்படவில்லை. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் மறுபடி படித்தபோதும் அங்கே வேகமாகத்தான் புரட்டினேன்.

டிக்கன்ஸ் இன்னும் மோசம். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவை ஒரு எழுத்தாள நண்பர் சொன்னார் என்று மாற்றியே விட்டார். முதலில் எழுதியதில் பிப்பும் எஸ்டெல்லாவும் சேர மாட்டார்கள். அச்சில் வந்ததில் சேர்கிற மாதிரி இருக்கும். தொடர்கதைப் புலம்பல் தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்குச் சொன்னேன்.

ஜூன் 14

"லெவினுக்கு ஒரு சட்டம், சிவகாமிக்கு ஒரு சட்டமா?"

நல்ல பிடி. வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். லெவினுக்குக் கடைசியில் கிடைக்கும் அமைதி நிற்குமா நிற்காதா என்று அவனுக்கே தெரியாது. மனைவியிடம் கூடச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறான். வண்டிக்காரனிடம் மறுபடி கோபப்படுவேன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். சிவகாமியின் அமைதியில் அந்த விரிசல் இல்லை. விரிசல் இல்லாத அமைதியை நான் நம்புவதில்லை.

ஜூன் 18

தி. ஜானகிராமன். எதிர்பார்த்ததுதான். 'மோகமுள்'ளில் யமுனா பாபுவுக்குக் கிடைத்த பிறகு நாவலே சப்பென்று ஆகிவிட்டது என்று ஒருவர், அந்தச் சப்புதான் நாவல் என்று இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். எல்லாம் இதற்குத்தானா என்று யமுனா கேட்கும் இடம் இருக்கிறதே, அத்தனை வருஷ ஏக்கத்தையும் அந்த ஒரு கேள்வி ஊதித் தள்ளிவிடுகிறது.

நான் அதிகம் பேச விரும்புவது 'அம்மா வந்தாள்' பற்றி. 1966. வேதபாடசாலையில் படித்து முடித்து வீட்டுக்கு வருகிறான் அப்பு. அம்மா அலங்காரத்தம்மாளுக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்பா தண்டபாணிக்கும் தெரியும். அப்பு பாடசாலைக்கே திரும்புகிறான், அங்கே அவனை விரும்பும் இந்து இருக்கிறாள். அம்மா காசிக்குப் போகிறாள்.

"கடைசியில் பெண்ணைக் காசிக்கு அனுப்பித் தண்டித்துவிட்டார், அவ்வளவு துணிச்சல் போதவில்லை" என்கிறார் நண்பர். சின்ன வயதில் படித்தபோது நானும் ஏறக்குறைய அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்போது என் கண் முழுக்க அப்பு மேல்தான். அவன் என்ன முடிவெடுப்பான், இந்துவை ஏற்பானா என்பதுதான் கதை. அம்மா பின்னணியில் நின்ற ஒரு பிரச்சினை.

இப்போது படித்தால் வேறு நாவலாக இருக்கிறது. அவளை யார் அனுப்பினார்கள்? யாரும் அனுப்பவில்லை. பிள்ளையை வேதம் படிக்க அனுப்பியதே அவள் போட்ட கணக்கு. அவன் ரிஷியாகி வந்து நிற்பான், அவன் காலில் விழுந்து தன் பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று அத்தனை வருஷம் காத்திருந்தாள். வந்து பார்த்தால் அவனும் இந்துவின் பக்கம் சாய்ந்து, அம்மா பிள்ளையாகவே நிற்கிறான். அவளுக்கு மன்னிப்புக் கொடுக்கும் தகுதி உள்ள ஆளே ஊரில் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் காசி. அதைச் சொல்லும்போது அவள் பேச்சில் அழுகை இல்லை, பிள்ளையைப் பார்த்து ஒரு கேலியும் கர்வமும் கலந்த தொனிதான் இருக்கிறது. தண்டனை அடைகிறவள் அப்படிப் பேசுவாளா?

தலைப்பைப் பாருங்கள். அம்மா போகிறாள் என்று நாவல் முடிகிறது, தலைப்போ 'அம்மா வந்தாள்'. இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், வேண்டாம்.

ஜூன் 18, இன்னொன்று

ஆனாலும் நண்பரின் புகாரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலங்காரத்தம்மாள் காசிக்கு, கங்கா கங்கைக்கு. நம் நாவலாசிரியர்களுக்கு ஒரு பெண்ணை மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் வடக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

ஜூன் 20

நல்ல முடிவுக்கு உதாரணம் கேட்டுவிட்டு, நான் வரிசையாகச் சாவும் சன்னியாசமும் சொல்வதாகக் கிண்டல். சுபமுடிவு வேண்டுமா? ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. லிஸி என்ற பெண்ணை வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். பனையேறி தங்கராஜ் மேல் அவளுக்குப் பிரியம். குடும்ப கௌரவம் குறுக்கே நிற்கிறது, போதாததற்குக் கொலைப்பழி வேறு. கடைசியில் சேர்கிறார்கள். இதில் 'சுபம்' என்று போட்டுக்கொள்ள லிஸி எவ்வளவு காலம் வாய் திறக்காமல் பிடிவாதம் பிடித்தாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அவள் ஓடவும் இல்லை, விஷம் குடிக்கவும் இல்லை. சும்மா இருந்தே ஜெயித்தாள். மிகச் சிறிய நாவல், ஒரே மூச்சில் படிக்கலாம். இதைப் பலர் படித்ததே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

ஜூன் 21

சாயாவனம் (1969) பற்றி ஒரு வரி கேட்டவருக்கு: கரும்பு ஆலை வைக்கக் காட்டை எரிக்கிறான் சிதம்பரம். ஆலை வருகிறது. ஆனால் கடைசியில் ஊர்ப் பேச்சு எரிந்துபோன புளியமரங்களைப் பற்றித்தான். சா. கந்தசாமி ஒரு வார்த்தை கூடத் தீர்ப்புச் சொல்லவில்லை. சமையலுக்குப் புளி இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 25

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பேசினால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. கேட்டுவிட்டார்கள்.

செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, மாட்டைத் தேடிக்கொண்டு, கல்லூரிக்குப் போய்க்கொண்டு இருக்கும் பையன் சந்திரசேகரன். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் வருகிறது. நேற்று வரை பயந்தவர்கள் இன்று பயமுறுத்துகிறார்கள். கலவரத்தில் ஓடும் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே ஒளிந்திருக்கும் குடும்பத்தைக் காப்பாற்ற, அவனைவிடச் சின்னப் பெண் ஒருத்தி தன் உடையைக் களைந்துவிட்டு அவன் முன்னால் நிற்கிறாள். அவன் வாந்தி எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

அசோகமித்திரன் அங்கே நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால் இருநூறு பக்கம் போல ஒன்றுமே நடக்காத மாதிரி நடக்கிறது. பலர் அந்த இடத்தில்தான் சலித்து மூடி வைக்கிறார்கள். அந்தச் சலிப்பு இல்லாமல் கடைசிப் பக்கத்துக்குப் பலம் கிடையாது. அதுவரை அவன் ஒரு பார்வையாளன், யாருக்கும் கெடுதல் செய்யாத பையன். அந்தப் பெண்ணின் கண்ணுக்கு மட்டும் அவன் வெளியே நிற்கும் கும்பலில் ஒருவன். அவன் நல்லவன் என்பது அங்கே செல்லாக்காசு.

தமிழில் முடிவு நன்றாக இருக்கும் ஒரே ஒரு நாவலைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் பேசியிருக்க மாட்டோம்.

ஜூன் 26

இது சினிமாவாக வந்தால் முடிவை மாற்றிவிடுவார்கள் என்கிறார் ஒருவர். மாற்றுவதில் தப்பில்லை. பூமணியின் 'வெக்கை'யில் (1982) பதினைந்து வயதுச் சிதம்பரம் முதல் பக்கத்திலேயே அரிவாளை வீசிவிடுகிறான், பிறகு எட்டு நாள் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிந்து, கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். 2019இல் 'அசுரன்' ஆனபோது அப்பாவின் பழைய கதை பெரிதாக வளர்ந்து, கடைசியில் படிப்பைப் பற்றி ஒரு பேச்சும் வந்தது. திரையரங்கில் எனக்கும் புல்லரித்தது. நாவலில் புல்லரிக்க ஒன்றும் இல்லை. கஞ்சி காய்ச்சுகிறார்கள், தூங்குகிறார்கள், நடக்கிறார்கள். நான் நாவல் கட்சி.

ஜூலை 2

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). நெருங்கிய நண்பர் ஒருவரோடு எனக்குத் தீராத வழக்கு இது, இங்கேயும் அதே வழக்கு வந்திருக்கிறது. கதாநாயகன் பாண்டியனைக் கடைசியில் அவசரமாகச் சுட்டுக் கொன்றுவிட்டார், எப்படி முடிப்பது என்று தெரியவில்லை என்பது எதிர்க்கட்சி.

யோசித்துப் பாருங்கள். சுமத்ராவின் மெடானுக்குள் ஜப்பானியர் நுழைகிறார்கள், வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் பினாங்குக்குப் போகும்போது புயல் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் நேதாஜியின் படை, சதி, கொலை. இதற்கு நடுவே ஆட்கள் உட்கார்ந்து தமிழ் இலக்கியத்தைக் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள். இந்த மனிதர்களில் யாருக்காவது சாவு முன்னறிவிப்போடு வருகிறதா? புயல் அத்தியாயத்தில் தப்பித்தவன் கதாநாயகன் என்பதால் தப்பிக்கவில்லை, தோணி மூழ்கவில்லை என்பதால் தப்பித்தான். அதே கணக்கில்தான் கடைசியில் குண்டு படுகிறது. பாண்டியனுக்கு நாவல் தனியாக ஒரு சலுகை கொடுத்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

நண்பரின் இன்னொரு வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நடுவில் வரும் நீண்ட உரையாடல்களில் கால் பங்கை வெட்டியிருக்கலாம் என்கிறார். வெட்டலாம்தான். எந்தக் கால் பங்கு என்று கேட்டால் அவர் சொல்வதை நான் வைத்துக்கொள்வேன், நான் சொல்வதை அவர் வைத்துக்கொள்வார்.

ஜூலை 3

சிங்காரம் எழுதியது மொத்தமே இரண்டு நாவல். எதை முதலில் படிப்பது என்று கேட்டவருக்கு: 'கடலுக்கு அப்பால்' முதலில். சிறியது, 1959இல் வந்தது, ஒரு காதல் தோற்கிற கதை, அந்த உலகத்தின் பேச்சும் தொழிலும் கணக்கும் அதில் பழகிவிடும். அப்புறம் தோணியில் ஏறுங்கள். முதல் நூறு பக்கம் யார் யார் என்று குழப்பும், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருங்கள். முடித்ததும் பாண்டியன் விஷயத்தில் எந்தக் கட்சி என்று இங்கே எழுதிவிடுங்கள், வழக்கு இப்போது ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது.